நாற்பத்தெட்டு முடிச்சு ஏரி

என் மாமனாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். நடுவில் கஸ்தூரி, திருமழிசையில் கொடுத்த பெண். கடைசி தங்கவேலு. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவனுக்கு இடது கால் சூம்பிப் போயிற்று. நான் கலியாணமாகித் திருமுல்லைவாயிலுக்கு வந்த அன்றைக்கு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, நீ ரயில்லயா வந்தே?"

வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஆனாலும் அவன் ரயில் ஏறியதில்லை. ஸ்டேஷன் படியும் காலை நேரத்துக் கூட்டமும் அந்தக் காலுக்கு ஆகாது. வளர்ந்த பிறகு கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் சுற்றிக் கொடுத்த மோட்டார் பழுதென்று திரும்பி வராது. அவ்வளவு சுத்தமான கை.

பட்டறையில் மற்றவர்கள் எல்லாம் வில்லிவாக்கம், பெரம்பூர்ப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள். சோற்றுக்கு உட்கார்ந்தால் ரயில் பேச்சுதான். இவன் நடுவில் வாயைத் திறந்தால் மேஸ்திரி ஜெயராமன், "நீ சும்மா கெட மாமே. ரயிலுக்கு எத்தினி வாசல்னு தெரியுமா ஒனக்கு?" என்பாராம். எல்லாரும் சிரிப்பார்களாம். இவனும் சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுவான்.

எண்பத்தாறில், ஆயுத பூஜைக்கு ஓடுகிற பொம்மை ரயில் வைக்கிறேன் என்று பட்டறையில் சொல்லிவிட்டு வந்தான். வெறும் ரயில் இல்லை. நம்ம லைன் அப்படியே. தரையில் பிரவுன் தாளை ஒட்டி ஒட்டி விரித்து, சென்ட்ரல், பீச், தாம்பரம் வரைக்கும் மெட்ராஸ் முழுவதற்கும் கோடு போட்டான். ஆனால் பலகையாகக் கிடைத்தது ஒரு பழைய கதவு. அதில் திருமுல்லைவாயிலிலிருந்து வில்லிவாக்கம் வரைதான் கொள்ளும்.

"மீதியை அப்பாலிக்கா பாத்துக்கலாம். இது மட்டும் பிசகக் கூடாது அண்ணி. தினம் ரயில்ல வர்றவன் பாத்துட்டு, ஆமா இப்டித்தான் கீதுன்னு சொல்லணும். அது போதும் எனக்கு."

"அப்ப அவனுங்களையே கேளேன்."

"அவனுங்களைக் கேட்டா அவனுங்க ரயிலு. உன்னைக் கேட்டா என் ரயிலு."

நான் பூக்காரி. விடியுமுன் ரயிலேறி மெட்ராஸ் பூக்கடைக்குப் போய்ச் சரக்கெடுத்து, வெளிச்சத்தில் திரும்புவேன். வரும்போதே ரயிலில் உட்கார்ந்து தொடுப்பேன். தூரத்தை எப்படி அளப்பது என்று கேட்டதற்கு அவனே வழி சொன்னான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எத்தனை முடிச்சு போடுகிறேன் என்று எண்ணி வர வேண்டும். ரயில் சிக்னலில் நின்றால் என் கையும் நிற்க வேண்டும். அப்படி எண்ணியதில் கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் நூற்று நாற்பது முடிச்சு வந்தது. ஆறு முடிச்சுக்கு ஓர் அங்குலம் என்று கதவில் கோடு போட்டான்.

அளவில் நான் பொய் சொல்லவில்லை. சொன்னது வேறு.

தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டான். தெற்குப் பக்கம் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்துக் கதவோரம்தான் என் இடம். வடக்குக் கதவு மீன்காரிகளுடையது. பூவில் மீன் வாடை ஏறினால் யார் வாங்குவார்கள்? போகும்போது இருட்டு, தூக்கம். வரும்போது வடக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூத் தொடுக்கிறேன். பன்னிரண்டு வருஷம் போய்வந்த வழியில் பாதியை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் பென்சிலை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கே பனந்தோப்பு என்றேன். செங்கல் சூளை என்றேன்.

"கொரட்டூர் ஏரி கண்ணுல படுதா அண்ணி?"

"அது உள்ளாறத் தள்ளி கீது தம்பி. ரயில்லேர்ந்து தெரியாது."

துடைப்பக் குச்சியில் பனைமரம் செய்தான். பெயின்ட் டப்பாத் தகரத்தை வெட்டித் தண்டவாளம். கட்டைவிரல் அளவு மோட்டார், அவனே சுற்றியது.

பூஜையன்று மாலையோடு நானும் போனேன். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பொரி கொடுத்தார்கள். தங்கவேலு சுவிட்சைப் போட்டதும் ரயில் நகர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயராமன் குனிந்து ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். கொரட்டூரில் நின்றார்.

"இன்னா நைனா, ஏரி எங்க? எத்தினி லாரி மண்ணு அடிச்சி தூத்தே?"

"எந்த ஏரி?" என்றான் தங்கவேலு.

"எந்த ஏரியா! கடல் மாரி கெடக்குதே, கண்ணு கூசுமே! டேய், இங்க வந்து பாருங்கடா, கொரட்டூர் ஏரியில பனைமரம் நட்டுகிறான்!"

பின்னாலிருந்து ஒருவன், "ஏறாதவன் ரயில் வுட்டா ஏரி எப்டி தெரியும்?" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தங்கவேலு என் பக்கம் திரும்பினான். நான் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கனவே பூ வைத்திருந்த கிரைண்டிங் மெஷினுக்கு இன்னொரு முழம் பூ வைத்தேன்.

"மறந்துட்டேண்ணா. என் தப்புதான்" என்று அவன் சொல்வது கேட்டது.

வீட்டிலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். பிரவுன் தாளைச் சுருட்டிப் பரணில் போட்டான்.

மறு வாரம் ரயிலில் வடக்குக் கதவுக்குப் போனேன். மீன்காரி கன்னியம்மாள், "இன்னா பூக்காரம்மா, மல்லி கருவாடாப் பூடும், பரவால்லியா?" என்றாள். இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். கொரட்டூர் தாண்டியதும் ஏரி வந்தது. தண்ணீர் மேல் வெயில் அடித்துக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஏரி கடந்து முடியும்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பத்தெட்டு முடிச்சு. அந்தச் சரத்தைத் தனியாக வெட்டிக்கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"பனைமரத்தை எல்லாம் வெட்டிட்டாங்க போலக் கீது தம்பி. இப்ப ஏரி தெரியுது."

அவன் சரத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"அப்டியா அண்ணி? நல்லதாப் போச்சி," என்றான். பிறகு விரலால் முடிச்சுகளை எண்ணத் தொடங்கினான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அதே கதவு. பனைமரங்களைப் பிடுங்கிவிட்டு, உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியை எட்டு அங்குலத்துக்கு வெட்டிப் பதித்திருந்தான். ரயில் போகும்போது அதற்குள்ளும் ஒரு ரயில் போயிற்று. ஜெயராமன் வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாண்டா. இப்டித்தான் கீது. யாரு சொன்னா ஒனக்கு?"

"எங்க அண்ணிதாண்ணா. பூத் தொடுத்தே அளந்துகினு வந்துச்சி."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி தன் கையாலேயே எனக்குப் பொரியும் பழமும் கொடுத்தார். ஜெயராமன் தங்கவேலுவின் தோளில் தட்டி, "இவ்ளோ தெரிஞ்ச அண்ணிய ஊட்ல வச்சிகினு, போன வருசமே கேட்டிருக்கலாமில்ல? பேஜாராயிருக்காதே" என்றார்.

நான் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தங்கவேலு என் பக்கம் பார்க்காமல் சுவிட்சைத் தள்ளினான். ரயில் வில்லிவாக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

"தோணலண்ணா. கேக்காம வுட்டுட்டேன்" என்றான்.

பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியதற்கு மறு வருஷம் அவன் காலமானான். பரணிலிருந்து அந்தப் பிரவுன் தாளை எடுத்தபோது, அதில் பறக்கும் ரயிலுக்கும் ஒரு கோடு போட்டிருந்தான், பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை. இரண்டு பக்கமும் ஒன்றும் வரையவில்லை. அங்கே என்ன இருக்கிறதென்று அவன் கடைசிவரை என்னைக் கேட்கவே இல்லை.