பக்கத்தில் ஒரு ஸ்பூன்

“மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. இப்ப அமுக்குங்க.”

எக்ஸ்ரே அறையில் கேமராக்கா நாள் முழுக்கச் சொல்கிறதைத்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்; ‘அமுக்குங்க’ மட்டும்தான் புதிது. மறுமுனையில் இருப்பவர் நோயாளி இல்லை. பழைய கேமரா ஒன்றை இணையத்தில் விற்க வந்தவர். அவர் மூச்சு விட்டால் ஷட்டர் சத்தம் சரியாகக் கேட்காதாம். ஷட்டரை ஒரு விநாடிக்கு வைக்கச் சொல்லிவிட்டு இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். க்ளிக்குக்கும் க்ளக்குக்கும் நடுவே ஒரு விநாடி இருக்க வேண்டும், இரண்டு இருந்தது. “உங்க கேமராவுக்கு மூட்டுவலிங்க. சர்வீஸ் பண்ணிட்டு விளம்பரம் போடுங்க” என்று போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் தொடர்கிறார்.

கேமராக்கா என்பது மருத்துவமனையில் எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். ஆனால் லென்ஸுக்குள் மயிரிழை அளவு பூஞ்சை படர்ந்திருந்தால் அது அவர் கண்ணுக்குத் தப்பாது.

எடுத்த எடுப்பிலேயே இப்படித் தேறிவிடவில்லை. முதன்முதலில் வாங்கிய மடக்குக் கேமராவின் துருத்தித் தோல் ஓட்டை விழுந்து சல்லடையாக வந்து சேர்ந்தது. ‘அலமாரிக்கு அழகு சேர்க்கும்’ என்று விற்றவர் எழுதியிருந்ததை அவர் பாராட்டு என்று நினைத்துவிட்டார். அதன்பிறகுதான் விளம்பரம் படிக்கக் கற்றார். ‘பரிசோதிக்கவில்லை’ என்றால், பரிசோதித்தார்கள், ஓடவில்லை. ‘தாத்தா பொக்கிஷமாக வைத்திருந்தது’ என்றால், போன வாரம் பழைய சாமான் கடையில் அள்ளியது. “பிலிம் இல்லாததால டெஸ்ட் பண்ணலைன்னு ஒருத்தர் சொன்னார். பின்மூடியைத் திறந்து ஷட்டரை அமுக்கி வெளிச்சம் தெரியுதான்னு பார்க்க பிலிம் எதுக்கு?” என்பார்.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலையைக் குறைப்பதாக யாராவது சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. “வாசல் இருக்கும்போது ஜன்னல் வழியா வரச் சொல்றவர் வீட்டுக்கு நான் ஏன் போகணும்?”

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். யாரோ எடுத்த படத்தைத் திருடிப் போட்டவர்கள் ஸ்பூனுக்கு எங்கே போவார்கள்? சிலர் கோபப்படுவார்கள். சிலர் அப்படியே காணாமல் போய்விடுவார்கள். ஒருவர் ஸ்பூனை மட்டும் படமெடுத்து அனுப்பினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார் கேமராக்கா.

சிரிக்க முடியாத விளம்பரம் ஒன்றும் வந்தது. விற்பவர் பெயர் ‘நம்பிக்கை’. ‘லென்ஸ் பளிங்கு. தாத்தா பொக்கிஷமாக வைத்திருந்தது.’ படத்தைப் பெரிதாக்கினார். கேமரா உட்கார்ந்திருந்த மேசையின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தடம். அந்தத் தடத்தை வைத்தவரே கேமராக்காதான். பள்ளிக்கூடத்துச் சட்டையைத் தேய்க்கப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேசை இப்போது தம்பி வீட்டில் இருக்கிறது.

தம்பி மின்சாதனக் கடையில் விற்பனையாளர். அவர் பேச்சைக் கேட்டால் துடைப்பத்துக்குக்கூட இரண்டு வருட உத்தரவாதம் இருப்பதுபோலத் தோன்றும். போன மாதம் இதே கேமராவை அக்காவிடம் கொண்டுவந்து காட்டியிருந்தார். “உள்ளே பூஞ்சைடா. யார் தலையிலயும் கட்டிடாதே” என்று டார்ச் அடித்துக் காட்டித்தான் அனுப்பினார் இவர். தாத்தாவோ கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். வீட்டிலுள்ள ஒரே படத்திலும் அவர் காது மட்டும்தான் தெரியும்.

அந்தத் தளத்தில் கேமராக்காவின் பெயர் வெறும் எண்ணும் எழுத்தும். முன்பின் தெரியாதவர்போல எழுதினார்: ‘லென்ஸில் பூஞ்சை உண்டா?’

‘சுத்தமா இல்லைங்க மேடம்.’

‘டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?’

‘பார்த்தேன் மேடம். புதுசு தோத்துடும்.’

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவருக்கு இதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. தம்பி அவருக்குத் தான் வளர்த்த பிள்ளை மாதிரி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “போன் போட்டு நாலு கேள்வி கேளேன்” என்றார்.

“கேட்டா ஆயிரம் காரணம் சொல்வான். விற்கிறவன் வாய் அது” என்றார். பிறகு எழுதினார்: ‘சரிங்க. பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்.’

எதிர்முனை எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதியது. மறுபடி நின்றது. கணவர் காய் நறுக்கி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு சொல்.

‘அக்கா?’

அவர் திரையை அணைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தபோது விளம்பரம் மாறியிருந்தது. ‘லென்ஸின் உள்ளே இடது ஓரம் பூஞ்சை உண்டு. தாத்தாவுடையது அல்ல.’ கணவர் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அவருக்கும் தொற்றிக்கொண்டது.

நான்கு நாளில் அது விற்றுப்போனது. உதிரி பாகத்துக்காக வாங்கியவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: ‘அப்போ யாருடையது?’

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். கையில் விற்ற கேமராவின் பார்சல். கூரியர் ஆபீஸ் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். கூரியர் ஆபீஸ் எதிர்த்திசையில் இருக்கிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், குடித்தார், தரையைப் பார்த்தார்.

“நாள் பூரா கடையில இதையே பேசறேன்கா. வீட்டுக்கு வந்தும் கை தானா அதையே அடிச்சிடுச்சு.”

“மேடம் மேடம்னு எவ்வளவு மரியாதை. என் ஜென்மத்துல நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.”

“விடேன்கா.”

“என்னை மாதிரி ஒருத்தி தினமும் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாடா, பார்சல் எப்ப வரும்னு.”

தம்பி பார்சலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கேமராக்கா கை நீட்டினார். பெட்டியை வாங்கி மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அட்டை உள்ளே போனது. லேசாக ஆட்டினார், உள்ளே ஏதோ இடம் மாறியது.

கணவரின் சலவை செய்த பருத்தி பனியன்கள் இரண்டைக் கொடியிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழிக்கத் தொடங்கினார்.