அந்தப் பாட்டில் 'ஓம்' சொல்வது நான்

பாரிஸில், லாச்சப்பலில் கொத்துரொட்டி போடும் வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொல்லித் தந்தார்.

"தம்பி, சேர்விஸ் நிக்கிற பெடியன் ஓடர் சொன்னா 'ஓம்' எண்டு கத்தோணும். கொத்துற சத்தத்துக்கு மேலாலை கேக்கோணும். இல்லாட்டி உனக்கு விளங்கினதோ இல்லையோ எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம். அன்றிலிருந்து கத்துகிறேன். வன்னியில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கையும் குரலும்தான் என்னிடம் இருந்தன.

சேர்விஸ் நின்றவன் நிரோஷன். இங்கேயே பிறந்தவன். ஓய்வு கிடைத்தால் கம்ப்யூட்டரில் ராப் பாட்டுகளுக்குத் தாளம், பீட் செய்வான். ஒரு மத்தியானம் ஓடர் சொல்ல அடுப்படிக்குள் வந்தபோது போனை நீட்டி, நான் கொத்திய சத்தத்தையும் என் 'ஓம்'மையும் பதிந்துகொண்டு போனான். அதை வைத்துச் செய்த பீட்டை அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் ஒரு ராப் பாடகன் இணையத்தில் வாங்கினான். பாட்டு வருமுன்பே நிரோஷன் ஸ்கூட்டர் விபத்தில் செத்துப்போனான். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி.

பிறகு பாட்டு வந்தது. ரயிலில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் அதுதான். கூடவே கதைகளும் வந்தன. பாடகன் களவாக வந்து எங்கள் கடையில் கொத்துச் சாப்பிட்டானாம். அந்த 'ஓம்' கோயில் மந்திரமாம், அவன் சைவத்துக்கு மாறிவிட்டானாம். கடைசியில் எல்லாரும் ஒரே கதையில் வந்து நின்றார்கள்: அது செத்துப்போன நிரோஷனின் குரல்.

முதலாளி அவன் படத்தைக் கல்லாவுக்கு மேல் மாட்டி மாலை போட்டார். பெட்டைகள் வந்து படத்தோடு செல்ஃபி எடுத்தார்கள்.

"முதலாளி, அது என்ரை குரல்," என்றேன்.

"விசரே உனக்கு? செத்தவனோடையும் போட்டியோ? போய் வெங்காயத்தை வெட்டு."

எனக்குப் பற்றி எரிந்தது. அவனை நினைத்து அழுகையும் வரும், படத்தைப் பார்த்தால் பொறாமையும் வரும். செல்ஃபி எடுக்க ஆள் வந்தால் வேண்டுமென்றே கொத்துகிற தகட்டைப் பலமாக அடிப்பேன்.

அவனுடைய அம்மாவுக்காவது உண்மை தெரியட்டும் என்று ஒரு நாள் சார்செலில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவ குசினியில் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா.

"அன்ரி, அந்தக் குரல் வந்து..."

"உன்ரைதானே? எனக்குத் தெரியாதோ தம்பி? அவன் எந்தக் காலத்திலை 'ஓம்' எண்டு சொன்னவன்? என்ன கேட்டாலும் பிரெஞ்சிலை 'வுய் மமோன்'. ஏச்சு வாங்கியும் திருந்தேல்லை."

சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறியள்?"

"நீ சும்மா கத்தியிருக்கமாட்டாய். அதுக்கு முதல் அவன் என்னவோ சொல்லியிருப்பான். அந்த இடத்தை வெட்டிப்போட்டான், பாவி. என்ன சொன்னவன்?"

எனக்கு நினைவிருந்தது. அவன் அவசரப்படுத்தும்போது பிரெஞ்சையும் தமிழையும் கலந்து இழுத்துச் சொல்வது போலவே சொன்னேன்.

"மச்சான், மூண்டு மட்டன் கொத்து! ஒண்டு உறைப்பில்லாமல்! வித், வித், கெதியா!"

அவ கண்ணை மூடிக்கொண்டு, "ஓம்," என்றா.

என்னுடைய 'ஓம்' அவ்வளவு நல்லாக ஒரு நாளும் இருந்ததில்லை.

படம் இன்னும் கல்லாவுக்கு மேல்தான் தொங்குகிறது. பார்த்தால் இப்போதும் கொஞ்சம் எரியும். ஆனால் அடுப்படிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலாளி சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கத்துங்கள், நல்லாக் கத்துங்கள். ஆனால் சொல்கிறவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுவிட்டுக் கத்துங்கள்.