விண்ணப்பத்தில் என் நம்பர்

செய்தி வந்தபோது காலை மணி 11.17. கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில், லிஃப்ட் மெஷின் அறையில் நின்றிருந்தேன். எதிரே கன்ட்ரோல் பேனலில் 11.14 என்று காட்டியது. அந்தக் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, வேலை முடிந்ததும் சரிசெய்ய வேண்டும் என்று சற்று முன்தான் நினைத்திருந்தேன். அழைத்தவர் பிலோமினா மேடம். சாரம் பகுதியில் என் மனைவி சமீரா வேலை பார்த்த பள்ளியின் தலைமை எழுத்தர். "தம்பி, எத்தினி தடவ அடிக்கிறேன், எங்கப்பா இருந்த?" என்றார். பிறகு, "சமீரா போயிட்டாப்பா" என்றார். அதற்கு முன் நான்கு தடவை அழைத்திருக்கிறார். நான் கிணறு மாதிரி இருக்கும் ஷாஃப்டுக்குள் இறங்கியிருந்தேன். அங்கே சிக்னல் கிடைக்காது.

டி.சி. புத்தகத்தை எடுக்க எழுந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். வயது இருபத்தொன்பது. அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

பள்ளி ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி பிலோமினா மேடம் கேட்டார். நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு எழுதத் தெரிந்தது பழுதுக் குறிப்பு மட்டும்தான். எத்தனை மணிக்கு, என்ன நின்றது, என்ன செய்தோம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்த வாரம் எனக்கு ஃபோன் செய்தீர்கள். எடுத்து "ம்" என்று சொல்லி உடனே வைத்துவிட்டேன். சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதும் சமீராவைப் பற்றிய செய்திதான். அதனால் அதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

பள்ளியில் அவள் கம்ப்யூட்டரில் பதிவு போடும் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறொரு வேலை செய்தாள். பிளஸ் டூ முடித்த எங்கள் முஸ்லிம் தெருப் பெண்களை வரவழைத்து, கல்லூரிக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, சங்கம் எதுவும் கிடையாது. ஏன் செய்கிறாய் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். ஃபாரம் வாங்கி வரும்படி அவள் அத்தா ஒரு சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வாங்கி வந்து கொடுத்தபோது கடைசித் தேதி முடிந்து நான்கு நாளாகியிருந்தது. "படிக்க வேணாம்னு யாருமே சொல்லல மச்சான். யாரும் ஞாபகம் வச்சுக்கல, அவ்ளோதான்" என்றாள். பட்டப்படிப்பைப் பிறகு தபாலில் முடித்தாள். முடித்தது கல்யாணத்துக்குப் பிறகு. பரீட்சைக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

அவள் பொறுமைசாலி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஃபாரத்தில் அவசரப்பட்டு பட்டனை அமுக்கும் பெண்களின் கையில் ஸ்கேலால் தட்டுவாள். "ஒரு தடவ சத்தமா படி. ஒரு தடவ பேசாம படி. அப்புறம் அமுக்கு" என்பாள். ஞாயிறு முழுக்க எங்கள் வீட்டில் பிறந்த தேதிகளும் வீட்டு விலாசங்களும் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும். அதை மட்டும் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இப்போது ரிஸ்வானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். அத்தா குவைத்தில் டிரைவர், அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்பது ரிஸ்வானாவின் ஆசை. போன வருடம் அவள் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்ததும் சமீராதான். அந்த இணையதளத்தில் ஒரு நம்பருக்கு ஒரு விண்ணப்பம்தான் போடலாம். வீட்டில் இருந்த ஒரே ஃபோன் ரிஸ்வானாவின் அம்மாவுடையது. அந்த நம்பரை, அதே வீட்டில் இருந்த சித்தி மகளின் விண்ணப்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால் ரிஸ்வானாவுக்கு அவள் அத்தாவின் இந்திய நம்பரைப் போட்டார்கள். முஸ்லிம்களுக்கான ஒதுக்கீட்டில் முதல் சுற்றிலேயே சீட் கிடைத்தது. அந்தக் குறுஞ்செய்தி அத்தாவின் நம்பருக்குப் போனது. மறுநாள் மாலைக்குள் உறுதி செய்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. சீட் ரத்தானது. பத்து நாள் கழித்து வீட்டில் இணையதளத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

சமீரா அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். தன் ஃபோனிலிருந்து குவைத்துக்கு வீடியோ கால் போட்டாள்.

"மாமா, உங்க இந்தியா சிம்மு எங்க இருக்கு?"

"பர்சுலதாம்மா இருக்கு. ஏன்?" என்று அவர் எடுத்துக் காட்டினார். பொட்டு அளவு சிம், அவர் உள்ளங்கையில் கிடந்தது. "ரீசார்ஜ் பண்ணி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

"அதுலதான் மாமா உங்க பொண்ணுக்கு சீட் வந்துச்சு."

ரிஸ்வானாவின் அம்மா பின்னால் இருந்து, "நம்ம போட்டாலே எடுக்க மாட்டாரு, கவர்மெண்டு போட்டா எடுத்துருவாரா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

"அல்லா நாடல, விடும்மா" என்றார் அத்தா.

"அல்லா நாடித்தான் மாமா சீட் குடுத்தான். நம்மதான் எடுக்கல. நம்பர போட்டது நானு. சிம்மு உயிரோட இருக்கான்னு நான் கேக்கல. தப்பு என்னுது. எனக்காக ஒரு வருசம் பொறுத்துக்குங்க."

அவர் சிம்மை மறுபடி பர்சில் வைத்தார். மூலக்குளத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு அவர்களிடம் பெண் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். "ஒரு வருசந்தாம்மா. அடுத்த தடவ கெடைக்கலன்னா மூலக்குளத்துல பேசி முடிச்சுருவேன். அப்ப நீ வந்து குறுக்க நிக்கக் கூடாது" என்றார். சமீரா சரி என்றாள்.

அந்த ஒரு வருடமும் ரிஸ்வானா வீட்டில் அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் விண்ணப்பம் தொடங்கியதும் சமீரா முதலில் நம்பர்களைச் சேகரித்தாள். ஐந்து பெண்கள், ஐந்து நம்பர். ஒன்று அவளுடையது, ஒன்று பிலோமினா மேடம் கொடுத்தது. ரிஸ்வானாவுக்கு என் நம்பரைக் கேட்டாள். நான் தயங்கினேன். எனக்கு வரும் பிரேக்டவுன் அழைப்புகளே போதும் போதும் என்று இருந்தது. அதோடு வேறு வீட்டுப் பெண்ணின் விண்ணப்பத்தில் என் நம்பர் எதற்கு என்றும் கேட்டேன்.

"லிஃப்ட்ல மாட்டுனவன் பெல் அடிச்சா சோத்துல கைய வச்சிருந்தாலும் எந்திரிச்சு ஓடுறீங்கல்ல?"

"அது என் வேல."

"அவ ஒரு வருசமா மாட்டிக்கிட்டிருக்கா மச்சான். மாட்டி விட்டது உங்க பொண்டாட்டி. உங்க ஃபோன்தான் எப்பவும் ஆன்ல இருக்கும். குடுங்க."

கொடுத்தேன். விண்ணப்பத்தில் நம்பரை ஏற்றியதும், பள்ளியில் ஃபைல் மேல் ஒட்டும் வெள்ளை லேபிளில் எழுதி என் ஃபோனின் முதுகில் ஒட்டினாள். 'ரிஸ்வானா. ஆஃப் பண்ணக் கூடாது.' சைட்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். "யாருப்பா அது ரிஸ்வானா, வீட்டுல தெரியுமா?" என்றான் கூட வேலை செய்கிறவன். வீட்டில்தான் ஒட்டினார்கள் என்றேன்.

விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் கழித்து சமீரா இறந்தாள். சீட் பட்டியல் அப்போது இன்னும் வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. "ஆஃப் பண்ணித் தொலையேண்டா" என்றார் என் அண்ணன். அணைப்பதற்காகக் கையில் எடுத்தேன். திருப்பியபோது லேபிள் தெரிந்தது. அவள் கையெழுத்து. அணைக்காமல் சார்ஜில் போட்டேன். வருகிற அழைப்பை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வந்தது. எடுத்துப் பேசினால் நீண்டது. அதனால் எடுத்து "ம்" என்று சொல்லி வைத்தேன். அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

இதில் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். ஃபோனை அணைக்காமல் வைத்திருந்தேன், ஆனால் குறுஞ்செய்திகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உட்கார்ந்திருக்க ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்பதற்காக, பழுதுப் பதிவைப் படிப்பது போல மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரங்கல்களுக்கு நடுவில் முந்தைய நாள் மாலை வந்த ஒரு செய்தி. ரிஸ்வானா பேகம், பி.எஸ்சி. நர்சிங், இடம் ஒதுக்கப்பட்டது, நாளை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யவும். அந்த 'நாளை' என்பது அன்றுதான். மணி இரண்டு ஐந்து.

எழுந்து கூடத்துக்குப் போய், பெண்கள் ஓதிக்கொண்டிருந்த அறையின் வாசலில் நின்றேன். "ரிஸ்வானா வீட்டுல யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இங்கதான் தம்பி இருக்கோம். மூணு நாளா இங்கதான்" என்றது அவள் அம்மாவின் குரல்.

"சீட் வந்திருக்கு. நேத்தே வந்திருக்கு."

அறையில் ஓதுவது நின்றது. பிறகு ரிஸ்வானா பேசினாள். "தெரியும் அண்ணே. நேத்து ராத்திரியே ஃபிரெண்டு சொன்னா, லிஸ்ட் வந்துருச்சுன்னு."

"ஏம்மா கேக்கல?"

"அக்கா மையத்து வீட்டுல வந்து என் சீட்ட எப்படி அண்ணே கேப்பேன்?"

சமீராவின் அம்மா, என் மாமி, மூன்று நாளாக யாருடனும் பேசாதவர், உள்ளே இருந்து சொன்னார்: "அவ இருந்திருந்தா ஸ்கேலாலயே அடிச்சிருப்பா புள்ள. எந்திரி."

அதே மேசையில் சமீராவின் லேப்டாப்பைத் திறந்தோம். ரிஸ்வானா உட்கார்ந்தாள். ஓடிபி என் ஃபோனுக்கு வர வேண்டும். வந்தது. எண்ணை நான் படிக்கத் தொடங்கும்போது காரைக்காலிலிருந்து ஒரு பெரியவரின் அழைப்பு திரையை மறைத்தது. துண்டித்தேன். உடனே மேலதிகாரி. துண்டித்தேன். அதற்குள் நேரம் கடந்து எண் செல்லாமல் போயிற்று. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினோம். இந்தத் தடவை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன், ஏற்றுக்கொண்டது. கடைசித் திரையில் உறுதி செய்யும் பட்டன் வந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. அவள் அம்மா, "அமுக்குடி, அமுக்குடி" என்றார்.

ரிஸ்வானா அமுக்கவில்லை. தன் பெயர், அத்தா பெயர், பாடம், கல்லூரி, ஒதுக்கீடு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தாள். பிறகு உதடு அசையாமல் இன்னொரு தடவை படித்தாள். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அப்புறம் அமுக்கினாள். மாமி அழுதார். நான் அழவில்லை, அன்று அழுகை வரவில்லை. சார்ஜர் வயரை எடுத்துச் சுற்றி வைத்தேன்.

நான்காம் நாள் வேலைக்குப் போனேன். ஓட்டல் லிஃப்ட்டின் கடிகாரத்தை மூன்று நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். குவைத்திலிருந்து ரிஸ்வானாவின் அத்தா அழைத்தார். அந்த ஒரு அழைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. அவர் அழுதார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூலக்குளத்துக்காரர்களிடம் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரு செய்தி, கல்லூரிக்கு வரவேண்டிய நாளுக்கு ஒரு செய்தி என்று இன்னும் வரவேண்டியவை இருந்தன. அதனால் ஃபோனை அணைக்காமலே வைத்திருந்தேன்.

மற்ற நான்கு பெண்களில் மூன்று பேருக்குச் சீட் கிடைத்தது. கிடைக்காதவளுக்கு அடுத்த சுற்று இருக்கிறது. சமீராவின் நம்பரில் இருந்த பெண்ணின் செய்திகளை மாமி பார்த்துக்கொள்கிறார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஒன்றையும் விடுவதில்லை. "ஒதுக்கீடு இருக்கு மச்சான், கடைசி வரைக்கும் போயி நிக்கத்தான் ஆளு இல்ல" என்று சமீரா சொல்வாள். அடுத்த வருடமும் ஞாயிற்றுக்கிழமை அந்த மேசை இருக்கும். விண்ணப்பம் போட எனக்குத் தெரியாது. பிலோமினா மேடம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "நா வர்றேன் தம்பி. ஆனா பால நீ பாத்துக்கணும்" என்றார். என் நம்பரை நான் தருவேன்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டுதான். ஒன்று அந்த லேபிள். ஓரம் கிழிந்திருக்கிறது, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று, இப்போதெல்லாம் எந்தப் பேனலிலும் எந்தப் பட்டனையும் படிக்காமல் அமுக்க என்னால் முடிவதில்லை.

இன்று காலை ரிஸ்வானா கல்லூரியில் சேர்ந்தாள். சேர்க்கை முடிந்தது என்ற கடைசிச் செய்தி 11.52க்கு வந்தது. அவளுக்கு இனி என் நம்பர் தேவையில்லை. ஆபீசில் இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் ஃபோனை எடுத்தேன். அணைக்கவா என்று திரையில் கேட்டது. ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். ஒரு தடவை பேசாமல் படித்தேன். அப்புறம் அமுக்கினேன். ஃபோன் அணைந்திருக்கிறது.