நடுவராக உட்கார்ந்த ஞாயிறுகள்

நடுவர் வேலைக்கு வருகிறவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: நீங்கள் எவ்வளவு நியாயமாகத் தீர்ப்புச் சொன்னாலும், எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களைத்தான் வில்லியாகப் பார்ப்பார்கள்.

நான் கிரிக்கெட் நடுவர் இல்லை. எண்பதுகளின் நடுவில் அரூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சராக இருந்தேன். கப்பலில் வேலை பார்த்த என் மாமா மகன், ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியதாக ஓர் ஆட்டப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். மூடியில் நெருப்புக் கக்கும் டிராகன் படம். உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் நடுவராக இருந்து கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். "எதிரில் பூட்டிய கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். "உடைக்கிறேன்" என்பார்கள். கதவு உடைந்ததா, இவர்கள் தோள்பட்டை பிசகியதா என்று சொல்வது என் வேலை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் தமிழாக்கி, இன்ஸ்டிடியூட்டின் தமிழ் மெஷினில் கார்பன் வைத்து அடித்தேன். கிராஃப் தாளில், பூமிக்கடியில் ஆறு தளம் உள்ள ஒரு கோட்டையை வரைந்தேன். ஆறாவது தளத்துக்கு மட்டும் நாலு மாதம் பிடித்தது. அங்கே ஒரு நகரமே தூங்கிக்கொண்டிருக்கும். ஏழு மணிகள் தொங்கும். சரியான மணியை அடித்தால் நகரம் கண் விழிக்கும். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். இவர்களை அங்கே கூட்டிப் போய், அந்த நகரம் விழிப்பதை என் வாயால் சொல்லி, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஆடியவர்கள் மூன்று பேர். என் அண்ணன் சவரிமுத்து, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவனோடு ஹாஸ்டலில் படித்த பழனி, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற விவசாயி, ஞாயிறு தவறாமல் பஸ் மாறி வந்து சேர்ந்துவிடுவார். லாரி ஆபீஸில் பில் எழுதும் மாதப்பன், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். சர்ச்சில் பூசை முடிந்து பதினோரு மணிக்கு இன்ஸ்டிடியூட்டைத் திறந்தால் ஒன்றரை வரைக்கும் ஆட்டம். நாடகம், டூர், வாலிபால் போட்டி என்று நாலு பேரைச் சேர்த்து எதையாவது நடத்திப் பார்த்த புண்ணியவான்களே, மேலே படியுங்கள். உங்கள் வயிறும் எரியும்.

ஒன்பதாம் நம்பர் சீட்டு

பெட்டியில் பகடை வைக்கக் குழி இருந்தது, பகடை இல்லை. பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடை வாசலில் விழாத சீட்டுகளைக் கிழிக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். அதில் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் நான் குனிந்து பொறுக்கியதைப் பார்த்து, என்னிடம் டைப்பிங் படிக்கிற பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அது கிடக்கட்டும். கண்ணை மூடி ஒரு சீட்டை எடுக்க வேண்டும், கடைசி எண் பெரிதாக இருந்தால் நினைத்தது நடக்கும், சின்னதாக இருந்தால் அடி விழும். இதுதான் சட்டம்.

மாதப்பனுக்கு ஒரே நாளில் ஐந்து தடவை ஒன்பது விழுந்தது. ஐந்து சீட்டின் மூலையிலும் ஒரே டீக்கறை. எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலை மேஜைமேல் கவிழ்த்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். டீக்கறைச் சீட்டு அதில் இல்லை. "சட்டைப் பையில் இருப்பதை எடுங்கள்" என்றேன். நாலாக மடித்து, வேர்வையில் நைந்துபோன சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏமாற்றி ஆட வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"டீச்சர், ஆறு வருசமா சீட்டு வாங்கறனுங்க, ஒரு தடவகூட வுழுந்ததில்ல. இங்கயாவது வுழட்டுமே, உங்களுக்கு என்னாங்க நட்டம்?"

எத்தனை அடியில் தண்ணீர்?

மூன்றாவது தளத்தில் ஒரு நிலத்தடி ஏரி. அதற்குள் ஏழு தலைப் பாம்பு. கப்பல் கயிறு போல் தடித்த பாம்பு, பச்சைக் கண், நச்சு மூச்சு என்று வர்ணித்து வர்ணித்து எனக்குத் தொண்டை கட்டிப்போனது. பழனி கையை உயர்த்தினார். போர்வீரன் வாளை உருவப்போகிறான் என்று நினைத்தேன். அவர் கேட்டது, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் என்று. நூற்றிருபது அடி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். அந்த வருடம் மழை இல்லை. அவர் கிணறு வற்றி, செடிகள் கருகிக்கொண்டிருந்தன என்பது எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அந்த ஏரியை விட்டு நகரவே இல்லை. தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? அடியில் பாறையா, மணலா? மேலே கொண்டுபோக எத்தனை குதிரை சக்தி மோட்டார் வேண்டும்? இந்தக் காலத்தில் மோட்டாரே கிடையாது என்றால், சரி, எத்தனை ஜோடி மாடு? என் அண்ணனும் மாதப்பனும் சேர்ந்துகொண்டு வாய்க்கால் வெட்ட எந்தப் பக்கம் சரிவு என்று என் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். நான் பாம்பை வெளியே விட்டேன். ஏழு தலையும் சீறுகிறது, சண்டைக்கு வாருங்கள் என்றேன். பழனி மெல்லத் தலையை ஆட்டினார்.

"பாம்ப அடிக்க வேணாங்க டீச்சர். தண்ணிப்பாம்பு குடியிருக்குதுன்னா அது வத்தாத கெணறுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

செத்தவரின் மனு

நாலாவது தளத்தில் ஒரு பேழை. தொட்டால் விஷ ஊசி பாயும் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது என்றேன். இரண்டு தடவை சொன்னேன். என் அண்ணனின் மந்திரவாதி திறந்தான், செத்தான். அடுத்த ஞாயிறு அண்ணன் வெள்ளைத் தாளில் ஓரம் மடித்து, ஆபீஸ் பாணியில் எழுதிய ஒரு மனுவை நீட்டினான். பெறுநர், உயர்திரு நடுவர் அவர்கள். பொருள், மந்திரவாதியின் இறப்பை ரத்து செய்தல் தொடர்பாக. பார்வை, தங்களின் சென்ற வார வாய்மொழித் தீர்ப்பு. கீழே எட்டுக் காரணங்கள். "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதாத உத்தரவு செல்லாது என்றான். ஒரு பக்கம் முழுக்கக் காரணம் அடித்துக் கொடுத்தேன். அதில் நான் கையெழுத்துப் போடவில்லையாம். கையெழுத்துப் போட்டேன். மனு முடியும் வரை யாரும் ஆடக்கூடாது என்று தடை கேட்டான். மற்ற இரண்டு பேரும் அதுவும் நியாயம்தான் என்று பீடி பிடிக்க வெளியே போனார்கள்.

இப்படி இரண்டு ஞாயிறு வீணாய்ப் போனது. கடைசியில் அவன் மேல்முறையீட்டுக்குப் போனான், எங்கள் அம்மாவிடம். புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கிறேன், அம்மா கரண்டியோடு நிற்கிறார். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் எந்தக் கேஸ் நடந்தாலும் தீர்ப்பு எந்தப் பக்கம் விழும் என்று. மந்திரவாதி அன்று சாயங்காலமே உயிர்த்தெழுந்தான்.

"அண்ணங்காரன் ரெண்டு நாளா சோறு திங்கல, அந்த செத்தவன எழுப்பி வுட்டுட்டுப் போவியா, அத வுட்டுட்டு வூட்டுக்குள்ள நாயம் பேசறா!"

பூதத்துக்கு எந்த ஊர்?

ஐந்தாவது தளத்தின் கடைசியில் ஒரு பூதம் படிக்கட்டைக் காவல் காக்கும். அதைத் தாண்டினால் ஆறாவது தளம். டிராயரைத் திறந்து ஆறாவது தளத்தின் தாளைத் தயாராக எடுத்து வைத்தேன். மாதப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பூதத்துக்கு எந்த ஊர் என்று கேட்டார். வடக்கே, மலைக்கு அப்பால் என்றேன். அப்படியானால் ஓசூர் தாண்டித்தான் இருக்கும் என்று முடிவு செய்து, "ஊட்டா ஆயித்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதாவது பூதத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று. அதற்குமேல் மடமடவென்று கன்னடம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பூதம் பதில் சொல்லியாக வேண்டும், பூதம் நான்தான், நான் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவர் பேசாவிட்டால் பூதம் சம்மதித்ததாக அர்த்தம் என்று அண்ணன் சட்டம் பேசினான்.

படி இறங்குங்கள், வழி விட்டாயிற்று, இறங்கித் தொலையுங்கள் என்று கெஞ்சாத குறை. மூன்று பேரும் பூதத்தைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறி, அதன் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னிடம் திருவிழா இல்லை, வரைபடமும் இல்லை, கன்னடமும் இல்லை என்று மேஜையைத் தட்டினேன்.

"நீங்க பேசலன்னா பரவால்லீங்க டீச்சர். பூதம் எங்க மாமன் மகன் மொறதான், ரெண்டு பேருக்கும் நானே பேசிக்கறன்."

பெண் என்ன செய்கிறாள்?

ஒரு ஞாயிறு ஆட்டம் இல்லை, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆட்டத்துக்கு வந்த பழனியும் மாதப்பனும் எங்கள் வீட்டில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. அவருடைய அம்மா நல்ல மாதிரி. டைப்பிங்கில் எத்தனை வேகம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லீவில் பெண் என்ன செய்கிறது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக இந்த மூன்று ஆண்களுக்கும் உலகம் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஊர் பேர் வைத்திருக்கிறேன், செத்தவனை எழுப்பியிருக்கிறேன். அதில் பாதியையாவது அண்ணன் சொல்வான், பெருமையாகச் சொல்வான் என்று ஒரு விநாடி நம்பினேன். பழனி தன் காபியைப் பார்த்தார். மாதப்பன் ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் முந்திக்கொண்டான்.

"சும்மாதானுங்க இருக்குது."

முதல் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது இருந்தால் சொல்லச் சொல்வார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். என் முதல் ஓலை வாசித்த அன்று, மூன்று ஞாயிறுதான் மிச்சம், இன்றைக்கு என்ன ஆனாலும் இவர்களை ஆறாவது தளத்தில் இறக்கிவிடுவது என்று வேகமாக நடந்தேன். இன்ஸ்டிடியூட் ஏற்கெனவே திறந்திருந்தது. வீட்டு ஆணியில் மாட்டியிருந்த சாவியை அண்ணன் எடுத்து வந்திருந்தான். என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். என் டிராயரில் இருந்த ஆறாவது தளத்தின் தாளை மேஜைமேல் விரித்து, எந்த மணியை அடிக்க வேண்டும் என்று மற்ற இருவருக்கும் விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

"நீ போயிட்டா யாராச்சும் நடத்தணுமில்ல, அதான் பழகிக்கறன்" என்றான். "ஆறாவது சுமாருதான் ஸ்டெல்லா. தூங்கற ஊரு, மணியெல்லாம் எதுக்கு? நாலு பூதத்தப் போட்டு நானே மாத்திக்கறன்." இரண்டு வருடமாக நான் வாய்க்குள் பூட்டி வைத்திருந்த நகரத்தை அவன் பஸ் டைம் சொல்கிற மாதிரி சொல்லி முடித்திருந்தான். எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கக் கை வந்தது. "எழுந்திருடா" என்று கத்தினேன். பெரியவனை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்துவிட்டான். தாளைச் சுருட்டி, நான் தமிழில் அடித்த பக்கங்களை எல்லாம் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தப்பு செய்துவிட்டோம் என்று ஒருவராவது சொல்வார் என்று அந்தக் கோபத்திலும் காது திறந்துதான் இருந்தது. மாதப்பன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், இன்னும் ரெண்டு ஓல பாக்கி இருக்குதுல்ல? அடுத்த வாரம் நீங்களே வந்து நடத்துங்க."

போய் நடத்தினேன்: நாலு மாதம் வரைந்த ஆறாவது தளத்தில் கடைசி வரைக்கும் யாரும் கால் வைக்கவில்லை, அந்த ஒரே வாரத்தில் நான் புதிதாக வரைந்த ஆறாவது தளத்தின் முதல் அறையிலேயே மூன்று பேரும் செத்தார்கள், நடுவர் வேலையில் எனக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.