கிடார்க்காரனுக்காக வளர்த்த முடி

எங்க நைனா திருத்தணி மலைமேல மொட்டை அடிக்கிறவரு. அவரு பெத்த ஒரே புள்ள நான், முதுகு வரைக்கும் முடி வளர்த்துகினு கீழ பஜார்ல திரிஞ்சேன். அவரு தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வெள்ளைக்கார கிடார்க்காரர். தொண்ணூறுகள்ல திருவள்ளூர் காலேஜுக்கு ரயில்ல போய்கினு இருந்தேன். கூடப் படிச்சவன் குடுத்த கேசட்டை ஒரு நாள் வாக்மேன்ல போட்டேன். மணவூர் தாண்டும்போது அந்தாளு கம்பியை இழுத்து இழுத்து அழ வைக்க ஆரம்பிச்சாரு. திருவள்ளூர்ல இறங்க மறந்து ஆவடியில போய் இறங்கினேன். பாட்டுல ஒரு வரி புரியல, கிடார் மட்டும் முழுசா புரிஞ்சுது.

அவரை மாதிரி கிடார் வாங்கலாம்னா வீட்டுல வக்கு இல்ல. கேசட் அட்டையில அவருக்கு இருந்த நீள முடி மட்டும்தான் ஓசியில வளரும். வளர்த்தேன்.

வேற ஊரா இருந்தா ரவுடின்னு சொல்லியிருப்பாங்க, இல்லன்னா காதல் தோல்வின்னு பரிதாபப்பட்டிருப்பாங்க. எங்க ஊருல ஆம்பளை முடி வளர்த்தா வேண்டுதல், அவ்ளோதான். நான் பாட்டுக்கு ராக் ஸ்டார் நடை நடந்து வருவேன். பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா என்னைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கும். ஊருக்கே இருந்த சந்தேகம் ஒண்ணே ஒண்ணு: "நம்ம மலைக்கா, திருப்பதிக்காப்பா?"

ஒரு நாள் கடுப்புல "திருப்பதிக்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். போச்சு! சாயங்காலத்துக்குள்ள சேதி மலை ஏறிடுச்சு. நைனா கூட வேலை செய்றவங்க அவருகிட்ட துக்கமே விசாரிச்சாங்களாம். வீட்டுக்கு வந்தவரு செருப்பைக் கூட கழட்டல.

"ஏன்டா, நான் இன்னா செத்தா பூட்டேன்? என் கத்தி உனக்கு ஆவாதா?"

"நைனா, இது எந்த மலைக்கும் இல்ல. இவருக்காக வளக்கறேன்"னு சுவத்துல இருந்த போஸ்டரைக் காட்டினேன்.

நைனா கிட்டப் போய், தொழில்காரன் கண்ணால பார்த்தாரு. "நல்ல அடர்த்தி. ஒரு தடவை மலைக்கு வரச் சொல்லு." பெரிய மனசு. கேசட்டையும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பொறுமையா கேட்டுட்டு, "பாவம், யாருடா இந்தாளைப் போட்டு அடிக்கிறது?"ன்னாரு. அதோட எங்க வீட்டு இசை விமர்சனம் முடிஞ்சுது.

காலேஜ் முடிஞ்சு, ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு செல்போன் கடையில வேலைக்குச் சேர்ந்தேன். முடி அப்படியேதான் இருந்துச்சு. அப்பப்போ பிரவுசிங் சென்டருக்குப் போய் அவரைப் பத்தித் தேடிப் படிப்பேன். ஒரு நாள் அவரோட புது போட்டோ ஒண்ணு வந்திருந்துச்சு. பிரிண்ட் எடுத்துகினு வந்து வீட்டுல வெச்சுப் பார்த்துகினு இருந்தேன். நைனா எட்டிப் பார்த்தாரு. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, உங்க ஆளே மொட்டை போட்டுகிட்டான்! எந்த மலையில?"

எனக்கு அழுகை பொத்துகிட்டு வந்துடுச்சு. "புத்துநோய் நைனா. மருந்துல முடியெல்லாம் கொட்டிப் போச்சு."

மறுநாள் நைனா வேலை முடிஞ்சு வந்ததும் வாசல்லயே சொன்னாரு: "சாமிகிட்ட வேண்டிகினு வந்துட்டேன். அந்தாளு பொழச்சா உன் முடி நம்ம மலைக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? முடி என்னுதா உன்னுதா?"

"உனக்கு அந்தாளு வேணுமா, முடி வேணுமா?"

ஊரே கேட்டுக் குடுக்காத முடி அது. வாய் மட்டும் "ஆங், அந்தாளுதான்"னு சொல்லிடுச்சு. அன்னியிலேர்ந்து நைனா மலையிலேர்ந்து வந்ததும் முதல் கேள்வி, "எப்படிக் கீறானாம்?" கடல் தாண்டிக் கிடக்கிறவரை எதிர்வீட்டுக்காரர் மாதிரி விசாரிப்பாரு. பாட்டு மட்டும் வேணாம்னுட்டாரு.

கிடார்க்காரர் பொழைக்கல. பிரவுசிங் சென்டர் திரையில சேதியைப் படிச்சுட்டு நேரா மலை ஏறினேன். மொட்டைக்குச் சீட்டு வாங்கி, தலையை நனைச்சுகினு, நைனா முன்னாடி போய்க் குனிஞ்சு உட்கார்ந்தேன். அடுத்த ஆளுன்னு நினைச்சு பிளேடு மாத்திகினு இருந்தவரு, முடியைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டாரு.

"செத்துட்டாரா?"

"ஆங். அவரே போனப்புறம் இந்த முடி எதுக்கு? போட்டுடு நைனா."

"எழுந்திருடா."

"சீட்டு வாங்கிட்டேன்."

"நான் கேட்டது அந்தாளு உசுரு. குடுக்கலையே! நாம எதுக்கு முடி குடுக்கணும்?"

சன்னதிக்குக் கூப்பிடு தூரத்துல உட்கார்ந்துகினு சத்தமாவே சொன்னாரு. பக்கத்துல மொட்டை அடிச்சுகினு இருந்தவங்க கையில கத்தி அப்படியே நின்னுச்சு. மலைமேல வேலை செய்ற மனுஷன், சாமியைப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை கூடக் குறைச்சுப் பேசாதவரு. கத்தியைக் கீழ வெச்சாரு. ஈரம் சொட்டின என் முடியை ரெண்டு கையாலயும் பிழிஞ்சு, தோள்ல கிடந்த துண்டால துவட்ட ஆரம்பிச்சாரு.

"சளி புடிக்கப் போவுது. வீட்டுக்குப் போய் அந்தாளு பாட்டைப் போட்டு வை. வந்து கேக்கறேன்."