மாலை பஸ்ஸுக்கு ஒரு மன்றாட்டு

மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கம் கல்லூரி வேலைக்கு வந்ததிலிருந்து ஆண்டுவிழா, வழியனுப்பு விழா என்று எது நடந்தாலும் மைக்கை என் கையில் திணித்துவிடுகிறார்கள். “ஏனுங்க, உங்களுக்குப் பயமே கிடையாதுங்களா?” என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்பார். பழக்கம்தான் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் மூணாறு மலையில் இருக்கும் என் ஊர் சூரியநெல்லி வரை போக வேண்டும். டீ இடைவேளை அதற்குப் போதாது.

நான் ப்ளஸ் ஒன் படித்த வருடம் மழைக்காலத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறவில்லையாம். படிக்கிற பிள்ளைகள் நாங்கள் ஆள் இல்லையா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் படித்த மூணாறிலிருந்து கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து, முக்கில் இறங்கி, தேயிலைக் காட்டு ரோட்டில் இருட்டில் நடக்க வேண்டும். அது ஆனை இறங்குகிற ரோடு. அப்பா ஒருநாள் டார்ச்சோடு வந்து என்னைக் கூட்டிப்போனார். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “பஸ் வந்தாப் படி. வரலைன்னா வீட்ல இரு. தெனமும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த வாரம் எஸ்டேட் பள்ளிக்கூட ஹாலில் கிராமசபை. போன கூட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துப் பெரியவர்கள் தமிழில் பஸ் கேட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் “நோக்காம்” என்றார்கள். நோக்காம் என்றால் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் இந்தத் தடவை மலையாளத்தில் கேட்க வேண்டும், நீதான் பேச வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என் படிப்புக்கு நான்தானே பேச வேண்டும் என்று நானும் வீறாப்பாகத் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டேனே தவிர, மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. போனில் மேடைப்பேச்சு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கையை விரி, சிரி, கூட்டத்தின் கண்ணைப் பார் என்றார்கள். கண்ணாடி முன்னால் நின்று கையை விரித்தேன். கொழுந்து கிள்ளிவிட்டு வந்து காலில் அட்டைக்கடிக்கு உப்பு தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி, கொசு வெரட்டுறியா?”

“பேசிப் பழகுறேன்மா.”

“கோயில்ல மன்றாட்டு வாசிக்கும்போது இப்பிடியா கைய ஆட்டுற? அங்க நல்லாத்தானே நிக்கிற.”

எஸ்டேட் கோயிலில், அதாவது சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோருக்குமான வேண்டுதலாகிய மன்றாட்டு வாசிப்பது என் வேலை. திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று ஒவ்வொன்றாக வாசித்து ‘மன்றாடுகிறோம்’ என்று குரலை இறக்கினால் போதும், மொத்தக் கோயிலும் ஒரே குரலில் பதில் சொல்லும். அந்தப் பதில் முடிவதற்குள் அடுத்த வரியில் விரலை வைத்துவிடலாம்.

“அங்க நான் நிறுத்துனா எல்லாரும் பதில் சொல்றீங்க. இங்க நிறுத்துனா நான் தொலைஞ்சேன்” என்றேன்.

அம்மா கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு எழுந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அடுப்படியில் உட்கார்ந்து என் மலையாளப் பேச்சை முழுதும் கேட்டாள். அவளுக்கு அதில் பாதி புரியாது. ஆனால் நான் ஒரு வரியை விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்திருந்தது. என் பெயரைச் சொன்னார்கள். போனேன். “பகுமானப்பெட்ட பிரசிடண்ட்” என்று மலையாளத்தில் மரியாதையாகத் தொடங்கினேன். மைக்கில் வந்த என் குரலே எனக்கு யாரோ போலக் கேட்டது. அவ்வளவுதான். அத்தனை நாள் உருப்போட்டதில் ஒரு சொல்கூட இல்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா தெரிந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், எனக்கு மனப்பாடமான ஒரே குரல் வாயில் வந்துவிட்டது.

“இந்த மலையிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக. அவர்கள் இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேர, மாலை பஸ் மறுபடியும் ஓட வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்தினார். மானம் போனது, படிப்பும் போனது என்று நினைத்தேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

அடுத்த கணம் பழக்கதோஷத்தில் லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். கோயில் ஸ்பீக்கரைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான மாரியம்மன் கோயில்காரர்களும் சொன்னார்கள். ஹால் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் எனக்கு மூச்சு வந்தது, மலையாளமும் வந்தது. ஆனை நிற்கிற வளைவைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் கர்ப்பிணிகளைச் சொன்னேன். பஸ் வராவிட்டால் என் படிப்பு இந்த மாதத்தோடு நின்றுவிடும் என்றும் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொல்லி நிறுத்தியபோது அவர்கள் விடாமல் பதில் சொன்னார்கள். முதல் பதிலைக் கேட்டுச் சிரித்த பஞ்சாயத்து பிரசிடண்ட் அம்மா அப்புறம் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த செக்ரட்டரியிடம் “எழுதிக்கோளூ” என்றார். நோக்காம் என்று சொல்லவில்லை.

பஸ் உடனே வந்துவிடவில்லை. அதுவரை அப்பா முணுமுணுத்துக்கொண்டே தினமும் டார்ச்சோடு முக்கில் வந்து நின்றார். மழை ஓய்கிற சமயத்தில் பஸ் வந்தது. நிறுத்தம் வந்தால் கண்டக்டர் “மன்றாட்டு எறங்கிக்கோ” என்று கூப்பிட்டு என் உயிரை வாங்குவார். ப்ளஸ் டூவும் டிகிரியும் அந்த பஸ்ஸில்தான் படித்தேன்.

வேலை கிடைத்துச் சித்தூருக்குக் கிளம்பிய அன்று, பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: “அன்னைக்கு நீயும் வாய் தவறித்தானேம்மா சொன்ன?”

“நானா? நீ திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்ன. முன்னாடி இருந்தவன் சிரிக்கப் போனான். அவன் சிரிச்சா நீ உக்காந்துருவ. அதான் அவனுக்கு முந்தி நான் சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டுப் பெட்டியை அழுத்தி மூடினாள்.

அம்மா இப்போது இல்லை. நான் மேடையில் ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லி முடித்து ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிறேன். என்ன நிதானம் என்று பாராட்டுகிறார்கள். நிதானமெல்லாம் இல்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். அது வராது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன்.