திரையில் வைத்த பொட்டு

கணபதி என்ற ஊரில் ஒரு பிரஸ் பட்டறை. தகரத்தை அச்சில் வைத்து இடிக்கும் வேலைதான் மயில்சாமிக்கு இருபது வருடமாகச் சோறு போட்டது. ஆயுத பூஜைக்கு இயந்திரத்தைத் துடைத்து, அதன் முகத்தில் சந்தனப் பொட்டு வைப்பது அவர் உரிமை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.

இந்த வருடம் புது இயந்திரம். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் எல்லாம் போய், முகம் முழுக்கத் தொடுதிரை. உள்ளே கை இருந்தால் இடியை நிறுத்த ஒரு சென்சாரும் உண்டு. அது அடிக்கடி வேலையைக் கெடுக்கிறதென்று முதலாளி அரங்கசாமி ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். பேராசை பிடித்தவனுக்குப் பிறத்தியார் விரல் ஒரு பொருட்டா?

திரை எரிந்தால்தான் லட்சணம் என்று அன்றைக்குக் கரண்டைப் போட்டிருந்தார்கள். மயில்சாமியின் மச்சினன் சின்னான் குனிந்து, அச்சுக்குள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். அதைக் கவனிக்காமல் அவர், வழக்கம்போல முகத்தின் நட்டநடுவே பொட்டு வைத்தார். பொட்டுக்கும் உத்தரவுக்கும் அந்தத் திரைக்கு வித்தியாசம் தெரியுமா? இடி இறங்கியது.

பழமும் மணிக்கட்டும் ஒன்றாக நசுங்கின. தட்டில் இருந்த பொரிமேல் ரத்தம் பீய்ச்சியது. துண்டால் இறுக்கிக் கட்டி, சின்னானை ஆட்டோவில் அனுப்பிவிட்டுத் திரும்பினால், அரங்கசாமி, பிடுங்கியதே தெரியாதபடி சென்சார் ஒயரைத் திரும்ப மாட்டப் போய்க்கொண்டிருக்கிறார்.

"சின்னான் குடிச்சிருந்தான்னு சொல்லிப்போடுங்க மயில்சாமி. உங்க மேல கேசு வராம நான் பாத்துக்கறனுங்க."

ஸ்பானரால் ஒரே அடி. முதலாளியின் பல் இரண்டு தெறித்தன. மயில்சாமி அவர் கையை முறுக்கி அதே அச்சுக்குள் திணித்து, தன் விரலைத் திரைக்கு நேரே நீட்டினார்.

"ஒயரைப் புடுங்குனது ஆருன்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்க."

"நான்தானுங்க! நான்தான்!"

பட்டறையே கேட்டது. இருந்தும் மயில்சாமிக்கு வெறி அடங்கவில்லை. நான்கு பேர் சேர்ந்துதான் அவரை இழுத்தெடுத்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சின்னான் கண் விழித்தான். வலக்கை மணிக்கட்டோடு போயிருந்தது.

"முதலாளி ஒத்துக்கிட்டாருங்களாமா மாமா?"

"ஆமா மாப்ள."

"அப்ப மிசினைத் தொட்டதும் அவருதானுங்களா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், உறவு பிழைத்திருக்கும்.

"இல்ல மாப்ள. தொட்டது நான்."

சின்னான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.